அருவி வெட்டு (நெல் அறுவடை) ஓவியத்தை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயல் அறுவடைக் காட்சியைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னால், சித்திர மாணவர் பலர் "கிராம மக்களின் மகிழ்ச்சி" என்றே தொடங்குகிறார்கள். படத்தில் முகமே இராது, குனிந்த முதுகுகள்தான் இருக்கும். உணர்வை முதலில் எழுதிவிட்டால் கண் அதற்குச் சாட்சி தேடுவதோடு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரிவதை முதலில் எழுதுங்கள்.

அடுத்த தவறு, தூரத்தில் சிறிதாகத் தெரிபவரைச் சிறுவன் என்பது. யாழ்ப்பாணத்து வயல்வெளி சமதரை. அதில் நின்று பார்த்து வரைந்தால், அருகே நிற்பவர் தலையும் தொலைவில் நிற்பவர் தலையும் ஏறக்குறைய அடிவானக் கோட்டிலேயே வரும். தூரம் போகப்போகக் கால்கள்தான் மேலேறும். ஆகவே தலை கோட்டைத் தொட்டால் அவர் பெரியவர். நிமிர்ந்து நிற்கும் எல்லாருடைய தலையும் கோட்டுக்குக் கீழே இருந்தால், ஓவியர் உயரத்திலிருந்து பார்க்கிறார்.

நேரத்தைக் கணிப்பதில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். நீண்ட நிழலைக் கண்டதும் "மாலை" என்று எழுதுகிறார்கள். காலையிலும் நிழல் நீளம்தான். காற்றையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே பெரும்போக (மழைக்காலப் பயிர்) நெல் தை, மாசியில் வெட்டப்படும். அது வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம், சுளகிலிருந்து பறக்கும் பதர் தென்மேற்கே போகும். ஓவியர் நேரில் கண்டு வரைந்திருந்தால், பதர் பறக்கும் பக்கமாகவே நிழலும் சாய்வது காலை, எதிர்ப்பக்கம் நீள்வது மாலை. தை மாத நடுப்பகலில் நிழல் வடக்கே விழும். ஆளின் உயரத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கும்.

வெட்டுவது, சூடு வைப்பது (கதிர்க்கட்டுகளைப் போராக அடுக்குவது), மாடு விட்டு மிதிப்பது, தூற்றுவது எல்லாம் ஒரே சட்டத்துக்குள் இருப்பதால் அவை ஒரே நாளில் நடந்ததாக எழுதக்கூடாது. மாடு மிதிப்பதை வைத்து ஓவியத்தின் காலத்தையும் முடிவுசெய்ய வேண்டாம். இயந்திரம் வெட்டும் வயலருகே வாழ்பவரும் நினைவிலிருந்து மாட்டை வரைவார்.

பனை இருந்தால் யாழ்ப்பாணம் என்பதும் அவசர முடிவு. மன்னாரிலும் தமிழ்நாட்டிலும் பனை உண்டு. அடிவானத்தில் மலை தெரிந்தால் அது யாழ்ப்பாணக் குடாநாட்டுக் காட்சியாக இருக்க முடியாது. துலாவை (கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தை) கண்டு "நெல்லுக்கு நீர் இறைக்கிறார்கள்" என்று எழுதுவது பெரும்பிழை. இங்கே நெல் மழையை நம்பியது; துலாக் கிணறு வெங்காயமும் புகையிலையும் வளரும் செம்மண் தோட்டத்துக்கு உரியது. இரண்டும் ஒரே படத்தில் வந்தால், தோட்டமும் வயலும் அடுத்தடுத்து இருக்கின்றனவா, ஓவியர் இரு இடங்களை ஒட்டவைத்தாரா என்பதை இடையிலுள்ள வேலியையும் மண்ணின் நிற மாற்றத்தையும் பார்த்து எழுதுங்கள்.