நீர் வழிகிற கண்ணும் உலர்ந்த கண்ணாக இருக்கலாம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலைக்கு முப்பது ஆண்டுகளாகப் போய்வரும் என் அத்தையிடம், அவருக்கு இருப்பது கண் வறட்சி என்று மருத்துவர் சொன்னபோது அவர் நம்பவில்லை. "கண்ணுல தண்ணியா ஊத்துது, இதுல வறட்சி எங்கிருந்து வந்துச்சு?" என்று வீட்டுக்கு வந்தும் கேட்டுக்கொண்டே இருந்தார். பலரும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கண்ணின் மேற்பரப்பைக் காக்கும் கண்ணீர்ப் படலம் வெறும் தண்ணீரால் ஆனதன்று. கருவிழியோடு ஒட்டி நிற்கும் வழுவழுப்பான சளிப் பொருள், அதோடு கலந்த நீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு என்று அது அமைந்திருக்கிறது. இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள் அந்த எண்ணெயைத் தருகின்றன. அவை அடைத்துக்கொண்டால் பூச்சு குறைந்து, அடியில் உள்ள நீர் விரைவில் ஆவியாகிவிடுகிறது. காய்ந்த மேற்பரப்பு உறுத்த, அந்த உறுத்தலைத் தாங்காமல் கண்ணீர்ச் சுரப்பி ஒரேயடியாக நீரைக் கொட்டுகிறது. ஆனால் அந்த நீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடுவதால், மண் விழுந்தது போன்ற அரிப்பும் எரிச்சலும் அப்படியே இருக்கின்றன.

இமைக்கும் ஒவ்வொரு முறையும் இந்தப் படலம் புதிதாகப் பூசப்படுகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முறை இமைக்கிறோம். கைப்பேசியையோ கணினியையோ உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கொலுசின் சிறு வளையத்தைப் பற்றவைப்பவரும், தறியில் அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுபவரும் இப்படித்தான் இமைக்க மறந்து குனிந்திருக்கிறார்கள். அதனால் நான் முதலில் சொல்வது மருந்தையன்று: 20 நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, 20 அடிக்கு அப்பால் உள்ள எதையாவது 20 வினாடி பார்த்து, இமைகள் இரண்டும் முழுதாகத் தொடும்படி பத்து முறை நிதானமாக மூடித் திறவுங்கள். கணினித் திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால் கண் திறந்திருக்கும் பரப்பும் குறையும்.

அடுத்து, காற்று. அத்தையின் பட்டறையில் மேசை விசிறி நேராக முகத்துக்கு எதிரே இருந்தது. சேலத்துச் சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்தச் சொல்ல முடியாது, முதுகுப் பக்கம் திருப்பி வைக்கலாம். ஏற்காட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இருசக்கர வாகனத்தில் இறங்கும்போது, தலைக்கவசத்தின் கண்ணாடி மேலே தூக்கியிருந்தால் மலைக்காற்று முழுவதும் கண்ணில்தான் அடிக்கும். அதை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி அணியுங்கள்.

இமைச் சுரப்பி அடைப்புக்கு வெந்நீர் ஒற்றடம் போல எளிய வழி வேறில்லை. அதைச் சரியாகச் செய்பவர்கள்தாம் குறைவு. சுத்தமான பருத்தித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்து, சுடாமல் இதமாக இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய இமைகள் மேல் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் மீண்டும் மீண்டும் நனைப்பது அவசியம். எண்ணெய் இளகியதும், மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் விரல் நுனியால் மெதுவாக நீவி, காய்ச்சி ஆறவைத்த நீரில் நனைத்த பஞ்சால் இமைமயிரின் அடியைத் துடையுங்கள். காலையும் இரவும் சில வாரங்கள் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். மூன்றே நாளில் அத்தை சலித்துக்கொண்டார், ஆறாவது வாரத்தில் அவரே துணியைத் தேடினார்.

சொட்டு மருந்தில் மிகுந்த கவனம் வேண்டும். மருத்துவரிடம் போவதற்கு முன், கடையில் கேட்டு வாங்கிய, சிவப்பை மறைக்கும் மருந்தை அத்தை இரண்டு மாதம் விட்டிருந்தார். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெளுப்பாகக் காட்டுமே தவிர வறட்சியைத் தீர்க்காது; நிறுத்தியதும் சிவப்பு முன்னிலும் கூடுதலாகத் திரும்பலாம். ஸ்டீராய்டு கலந்த மருந்தை மருத்துவர் மேற்பார்வையின்றி விட்டுக்கொண்டிருந்தால் கண் அழுத்தமும் கண்புரையும் வரக்கூடும். உங்களுக்கு வேண்டியது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் போன்ற செயற்கைக் கண்ணீர். ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதப்படுத்தி (preservative) இல்லாத வகையைக் கேளுங்கள். கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டாலே போதும். புட்டியின் முனை இமையில் படக் கூடாது. திறந்த தேதியைப் புட்டியில் எழுதி வையுங்கள், பெரும்பாலானவற்றை ஒரு மாதத்துக்குப் பின் எறிந்துவிட வேண்டும்.

சூட்டினால் எரிகிறது என்று தலைக்கு விளக்கெண்ணெய் வைப்பதில் கண்ணுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அந்த எண்ணெயையோ, தாய்ப்பாலையோ, பன்னீரையோ கண்ணுக்குள் விடாதீர்கள். கிருமி சேர்ந்து கருவிழியில் புண் வரலாம்.

கடுமையான வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்கவே கூசுதல், கான்டாக்ட் லென்ஸ் அணிபவருக்குக் கண் சிவத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். பட்டறையில் அமிலம் தெறித்தால், கிளம்புவதற்கு முன்பே, ஓடும் சுத்தமான நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். கண்ணோடு வாயும் வறண்டு மூட்டும் வலித்தால் அதை மறவாமல் சொல்லுங்கள், உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய் போன்றவை அப்படித் தொடங்குவதுண்டு. ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மாத்திரைகள் கண்ணீரைக் குறைப்பதால், நீங்களாக எதையும் நிறுத்திவிடாமல், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் விட்டுவந்த சொட்டு மருந்துப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.