சிறுகதை எழுதப் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகள்

புதிதாக எழுதுகிறவர்களின் கதைகள் மொழி சுமாராக இருப்பதால் கெடுவது குறைவு. வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில், எழுதியவரே இடையில் வந்து விளக்குவதால் கெடுவதுதான் அதிகம்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்ததும் முருகேசன் மேஜைமேல் கிடந்த பர்ஸை எடுத்து இழுப்பறைக்குள் போடுகிறான். இதுவரை சரி. ஆனால் எழுதுகிறவருக்குக் கை நிற்காது. “அண்ணன் மீது அவனுக்குத் துளியும் நம்பிக்கை இல்லை” என்று அடுத்த வரியைச் சேர்த்துவிடுவார். பர்ஸ் உள்ளே போனதற்குச் சந்தேகம் காரணமாக இருக்கலாம். அதில் பணமே இல்லை என்பது அண்ணனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற வெட்கமாகவும் இருக்கலாம். விளக்கம் வந்ததும் இரண்டாவது காரணத்துக்கு இடமே இல்லாமல் போகிறது. திருத்தும்போது, செயலுக்கு அடுத்து வரும் உணர்ச்சி வரியை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். காட்சி அப்படியே நிற்கிறதென்றால் அந்த வரியை அடித்துவிடலாம்.

உரையாடலிலும் இதே பயம்தான். “பத்து வருஷத்துக்கு முன்னால் அப்பா நிலத்தை விற்று உன்னைப் படிக்கவைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா?” என்று அண்ணன் கேட்டால், அவன் பேசுவது வாசகரிடம், தம்பிக்கு அதெல்லாம் ஏற்கெனவே தெரியும். இப்படி எழுதிப் பார்க்கலாம்:

“நிலத்தைப் பத்தி நான் ஒண்ணும் பேசலையே.”

“பேசலை. அதான் வந்து நிக்கிறீங்களே.”

நிலம் ஒன்று இருந்ததும், தம்பிக்கு அது நெடுநாள் உறுத்தலாக இருப்பதும் வந்துவிட்டன. விற்ற வருஷம் வரவில்லை; வாசகர் அதைக் கேட்கவும் மாட்டார்.

பார்வைக் கோணத்தில் நடக்கும் சறுக்கல் வேறு வகை. மூன்று பக்கம் முருகேசனின் கண் வழியாகவே போன கதையில் திடீரென்று “அண்ணன் மனதுக்குள் சிரித்துக்கொண்டான்” என்று வரும். முருகேசனுக்கு அது எப்படித் தெரியும்? எல்லார் மனதுக்குள்ளும் போகவே கூடாது என்று சட்டமில்லை. டால்ஸ்டாய் ‘அன்னா கரீனினா’வில் லாஸ்கா என்ற வேட்டை நாயின் மனதுக்குள்கூடப் போகிறார். ஆனால் அங்கே கதைசொல்லி தொடக்கத்திலிருந்தே எங்கும் போகிறவராக இருக்கிறார். உங்கள் கதைசொல்லிக்கு எவ்வளவு தெரியும் என்பதை முதல் பக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். மாற்றினால் காரணத்தோடு மாற்றுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களும் உண்டு. ‘சொல்லாதே, காட்டு’ என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பல் துலக்குவதிலிருந்து பேருந்துக்கு நிற்பதுவரை எல்லாவற்றையும் காட்சியாக்கிவிடுவார்கள். “அடுத்த மூன்று வருஷம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை” என்று ஒரே வரியில் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். ஏதாவது மாறுகிற இடம் காட்சிக்கு. வெறுமனே கடக்க வேண்டிய காலம் சுருக்கத்துக்கு. எனக்குத் தெரிந்து இதற்கு மேல் பெரிய விதி எதுவும் தேவைப்படுவதில்லை.

கருத்தை முதலில் வைத்துக்கொண்டு அதை நிரூபிக்க ஆட்களைத் தேடுவதும் பழைய நோய். அப்படி எழுதினால் அண்ணன் கெட்டவன், தம்பி பாவம் என்று முடிந்துவிடும். அண்ணன் பக்கமும் நியாயம் இருந்தால்தான் கதைக்கு வேலை இருக்கிறது.

அப்புறம், முடிவு. “அப்போதுதான் முருகேசனுக்குப் புரிந்தது” என்று தொடங்கும் கடைசிப் பத்தியைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். அது கதையின் உரைநூல், கதை அல்ல. அதற்கு முந்தைய பத்தியில் கதை ஏற்கெனவே முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் முடியவில்லை என்றால் கோளாறு கடைசிப் பத்தியில் இல்லை, நடுவில் எங்கேயோ இருக்கிறது.

எழுத்துப்பிழை பார்ப்பதைத் திருத்தி எழுதுவதாக நினைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். 1929இல் வந்த தன் நாவல் ஒன்றின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாக ஹெமிங்வே 1958இல் வெளிவந்த பேட்டியில் சொன்னார். 2012இல் அந்த நாவலின் புதிய பதிப்பில் அவர் எழுதிப்பார்த்த முடிவுகளைச் சேர்த்தபோது எண்ணிக்கை 47 ஆக இருந்தது. அவ்வளவு முறை நாமும் எழுத வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரு முடிவையாவது வேறு மாதிரி எழுதிப் பார்க்காமல், இதுதான் சரியான முடிவு என்று எப்படிச் சொல்ல முடியும்?

வாசிப்பிலும் ஒரு குறை இருக்கிறது. பிடித்த கதையை ஒருமுறை படித்து ரசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரண்டாம் முறை பென்சிலோடு படியுங்கள்: காலம் எங்கே தாவுகிறது, பேச்சு எந்த இடத்தில் வெட்டப்படுகிறது, முக்கியமான தகவல் எவ்வளவு தள்ளி வருகிறது.

கடைசியாக, பிறரிடம் கதையைக் கொடுத்து “நல்லா இருக்கா?” என்று கேட்பது. வேண்டியவர்களாக இருந்தால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். “எந்த இடத்தில் சலிப்புத் தட்டியது, எதைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது?” என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போது “இல்லை, நான் சொல்லவந்தது என்னவென்றால்” என்று குறுக்கே போகாதீர்கள். தனித்தனியாகப் படித்த இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது. அதைச் சரிசெய்ய அவர்கள் சொல்லும் யோசனையை எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். பல சமயம் அந்த யோசனை இன்னும் ஒரு விளக்க வரியைச் சேர்க்கச் சொல்வதாகத்தான் இருக்கும்.