கொய்யாக் கவையில் ஒரு லாஸ்டிக்

லாஸ்டிக், அதாவது ரப்பர் கட்டிய உண்டிவில், செய்ய நான் எப்போதும் கொய்யாக் கிளையைத்தான் தேடுவேன். மலேசியாவில் ஆயர் ஈத்தாம் பக்கம் வீட்டு வாசலில் கொய்யா வைத்திருப்பவர்களைக் கேட்டால் கொடுப்பார்கள். கட்டைவிரல் பருமனில், இரண்டு கொம்பும் ஒரே அளவாகப் பிரிந்த கவை வேண்டும். பட்டையைச் சீவி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் வெடிப்பு விழும். வெடித்த கவை இழுக்கும்போது முகத்துக்கு நேரே முறியும், அதைத் தொடவே வேண்டாம்.

ரப்பருக்கு சைக்கிள் டியூப் போதும். ஒரு விரல் அகலத்தில் இரண்டு பட்டை, நீளம் இம்மியும் பிசகக்கூடாது. பிசகினால் குண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். வெட்டும்போது கத்தரிக்கோலை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். விளிம்பில் சிறு பிசிறு இருந்தாலும் கிழிசல் அங்கேதான் தொடங்கும். கவை நுனிக்குக் கீழே பள்ளம் செதுக்கி, ரப்பரை மடித்து வைத்து, நூலால் இறுக்கிக் கட்டுங்கள். குண்டு வைக்கும் பைக்குப் பழைய செருப்புத் தோல்.

கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பருக்கு சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றார். டியூப் இப்படி இழுபட்டுத் திரும்புவது அந்த முறையால்தான். ஆனாலும் நம் ஊர் வெயில் அதைத் தின்றுவிடும். பட்டையை லேசாக இழுத்துப் பாருங்கள். மெல்லிய கீறல்கள் தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

கல் வேண்டாம், பட்டுத் தெறிக்கும். களிமண் உருண்டை காயவைத்துக்கொள்ளுங்கள். மண்மேட்டுக்கு முன்னால் காலி மைலோ டின் வைத்து அடிக்கலாம். குருவி, குரங்கு, பூனை எதையும் குறிபார்க்க என் பேரப்பிள்ளைகளை நான் விட்டதே இல்லை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அவர்கள் கையில் லாஸ்டிக்கைக் கொடுப்பதும் இல்லை.