போட் ஸ்டார்ட்டிங் பேட்டரிக்கு ஃபியூஸ் வேணுமா?

கட்டாயம் இல்லீங்க. அமெரிக்காவோட படகுத் தர அமைப்பு ஏபிஒய்சி (ABYC) போட்ட ஈ-11ங்கிற படகு வயரிங் தரம் ஸ்டார்ட்டர் மோட்டார் கேபிளுக்கு மட்டும் விலக்கு குடுக்குது, ஏன்னா சாவி திருப்புன நொடியில சின்ன டீசல் இன்ஜினே நூத்துக்கணக்குல ஆம்பியர் இழுக்கும், சின்ன ஃபியூஸ்னா அங்கயே போயிரும், காத்து பாறைப் பக்கம் தள்றப்ப இன்ஜின் எடுக்காது. ஆனா அந்தத் தடி கேபிள் இன்ஜின் பிளாக்ல உரசி தோல் கிழிஞ்சா தீதான், அதனால நான் போடச் சொல்ற கட்சி.

முதல்ல டிசி கிளாம்ப் மீட்டர கேபிள்ல மாட்டி, ஸ்டார்ட் பண்றப்ப எவ்ளோ போகுதுன்னு பாருங்க. அப்புறம் ஃபியூஸோட டைம்-கரண்ட் சார்ட்ல (எவ்ளோ கரண்ட்ட எவ்ளோ நேரம் தாங்கும்னு காட்டுற படம்) அந்தக் கரண்ட்ட அரை நிமிஷமாவது தாங்குற ஏஎன்எல் (ANL) இல்ல கிளாஸ் டி (Class T) வகை பெரிய ஃபியூஸ் எடுத்து பாசிட்டிவ் டெர்மினல் பக்கத்துலயே வைங்க, ஸ்பேர் ஒண்ணு கைவசம் இருக்கட்டும். ஆல்டர்னேட்டரும் அதே கேபிள்ல சார்ஜ் பண்ணுதுன்னா ஜாக்கிரதை, ஓடுறப்ப ஃபியூஸ் போனா ஆல்டர்னேட்டர் உள்ள இருக்குற டயோடு காலியாகலாம்.

போடலைன்னா கேபிள் குட்டையா இருக்கணும், மேல ஸ்லீவ், நல்லா கிளாம்ப், டெர்மினலுக்கு ரப்பர் மூடி. அதே பேட்டரில பில்ஜ் பம்ப் (படகு அடியில சேர்ற தண்ணிய வெளிய தள்ற பம்ப்) வயர் எடுத்திருந்தா அதுக்கு விலக்கே கிடையாது, பேட்டரில இருந்து 7 இஞ்சுக்குள்ள தனி ஃபியூஸ்.