தேரை நஞ்சு: மழைக்காலத்தில் நாம் விடும் பிழைகள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் திருகோணமலையில் கிணற்றடியிலும் முற்றத்து லைட்டுக்குக் கீழும் தேரைகள் வந்து குந்திவிடும். ஈசல் விழும் இரவென்றால் அவற்றுக்கு விருந்துதான். வீட்டு நாய் அவற்றைக் கவ்வுவதும் அந்த நேரத்தில்தான்.

தேரையின் கண்ணுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் அவரைக்கொட்டை வடிவில் ஒரு புடைப்பு இருக்கும். நஞ்சுச் சுரப்பி அதுதான். கிட்டப் பார்த்தால் அதன்மேல் ஊசி குத்தியதுபோல நுண்துளைகள் தெரியும். நாயின் பல் அழுத்தும்போது அவற்றினூடாகப் பால்போல வெள்ளையாகப் பிதுங்கும். கையில் தூக்கினால் பீச்சுவது நஞ்சல்ல, பையில் சேர்த்து வைத்த சிறுநீர். அது பட்டு மரு வருவதும் இல்லை. மரு வைரசால் வருவது.

நாய் கவ்விவிட்டால் பால், தேங்காய் எண்ணெய், உப்புத் தண்ணீர் எதையும் வாய்க்குள் ஊற்றாதீர்கள். வாயில் இருக்கும் நஞ்சு வயிற்றுக்குப் போய்விடும். உப்புத் தண்ணீர் நாய்க்குத் தனியாகவே ஆபத்து. பைப்பை நேரே தொண்டைக்குப் பிடிப்பது இன்னும் மோசம், தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கும். தலையைக் கீழே சரித்து, கடைவாயிலிருந்து முன்பக்கமாக 5 முதல் 10 நிமிடம் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். நஞ்சு பசைபோல ஒட்டும். ஈரத்துணியால் முரசையும் நாக்கையும் துடைத்து, ஒவ்வொரு தடவையும் துணியை அலசுங்கள்.

நாயின் வாயில் நுரை தள்ளுவது நின்றதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. இந்த நஞ்சு இதயக் கலங்களில் சோடியத்தை வெளியேற்றும் பம்பை முடக்கும். துடிப்பு ஒழுங்கு கெடும். தள்ளாட்டம், வாந்தி, வலிப்பு எது கண்டாலும் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். குட்டிநாய் என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

பளிச்சென்ற நிறம் இருந்தால்தான் நஞ்சு என்று நினைப்பவர்கள் உண்டு. கொலம்பியாவின் பொன்னிற நஞ்சுத் தவளைக்கு நஞ்சு வருவது அது தின்னும் பூச்சிகளிலிருந்து. கூண்டில் பிறந்து பழ ஈ தின்று வளர்ந்தால் நஞ்சே இராது. மண்ணிறமான நம்மூர்த் தேரையோ எதைத் தின்றாலும் தன் உடம்பிலேயே நஞ்சைச் செய்துகொள்ளும்.

தேரைக்கு உப்புத் தூவுவது பெருங்கொடுமை. அது தோலால் தண்ணீர் குடிக்கும் பிராணி. உப்பு உடம்பிலுள்ள நீரை இழுத்து அதைத் துடிக்கத் துடிக்கச் சாகடிக்கும். தும்புத்தடியால் ஒரு வாளிக்குள் தள்ளி வேலிக்கு அப்பால் விட்டால் போதும். தொட்ட கையால் கண்ணைக் கசக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

நாயை இரவில் வெளியே விடுமுன் முற்றத்து லைட்டை நிற்பாட்டுங்கள். அதன் தண்ணீர்ச் சட்டியையும் உள்ளே எடுத்து வையுங்கள். தேரை அதற்குள் இறங்கி ஊறிக்கொண்டு கிடக்கும்.