உடலின் நெம்புகோல்களை அளந்து பார்ப்பது எப்படி

தேவையானவை: அளவு டேப், தூக்குநூல் (நுனியில் குண்டு கட்டிய நூல்), எடை பார்க்கும் மெஷின், வளையாத 2 மீட்டர் பலகை, சுழலும் நாற்காலி. மூட்டு இருக்கும் இடத்தைச் சரியாகத் தொட்டுக் காட்டத் தெரிந்தால் மீதியெல்லாம் பெருக்கல், வகுத்தல்தான்.

முழங்கையிலிருந்து தொடங்குங்கள்

முழங்கையை 90 டிகிரிக்கு மடக்கி, முன்கையைத் தரைக்கு இணையாக வைத்து, 5 கிலோ டம்பெல்லைப் பிடியுங்கள். மூட்டின் நடுவிலிருந்து டம்பெல் பிடியின் நடுவரை அளக்கவும். 35 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோவின் எடை ஏறக்குறைய 50 நியூட்டன். எனவே டம்பெல்லின் திருப்புத்திறன் (மூட்டைச் சுற்றித் திருப்பும் அளவு, அதாவது விசை × தூரம்) 50 × 0.35 = 17.5 நியூட்டன் மீட்டர்.

இத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் முன்கையின் சொந்த எடையை மறந்துவிடுகிறார்கள். கையோடு சேர்த்து அது 1.5 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் (எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) மூட்டிலிருந்து 15 செ.மீ. என்றால் இன்னும் 2.25 கூடும். மொத்தம் 19.75.

இதை எதிர்த்து இழுக்கும் பைசெப்ஸ் (மேற்கையின் முன்பக்கத் தசை) தசையை எலும்போடு இணைக்கும் நாண், மூட்டிலிருந்து 4 செ.மீ. தள்ளித்தான் எலும்பைப் பற்றியிருக்கிறது. 19.75-ஐ 0.04 ஆல் வகுத்தால் 494 நியூட்டன். கையில் 5 கிலோ, தசையில் 50 கிலோ அளவுக்கு இழுவிசை! உண்மையில் பக்கத்திலுள்ள தசைகளும் பங்குபோட்டுக்கொள்ளும் என்பதால் பைசெப்ஸுக்கு முழுச் சுமையும் வராது. ஆனால் மூட்டைச் சுற்றித் தேவைப்படும் மொத்தத் திருப்புத்திறன் குறையாது.

இது மூன்றாம் வகை நெம்புகோல்: ஆதாரப்புள்ளிக்கும் (இங்கே மூட்டு) பளுவுக்கும் இடையில் தசை இழுக்கிறது. விசையில் நட்டம், வேகத்தில் லாபம். தசை 1 செ.மீ. சுருங்கினால் கை கிட்டத்தட்ட 9 செ.மீ. நகரும். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது இரண்டாம் வகை, பளு நடுவில். கழுத்தின் மேல் தலை நிற்பது முதல் வகை, ஆதாரப்புள்ளி நடுவில்.

அதிகம் பேர் தவறுவது ஓர் இடத்தில்: எலும்பின் நீளத்தையே தூரமாக எடுத்துக்கொள்வது. கணக்குக்கு வேண்டியது, எடை இறங்கும் செங்குத்துக் கோட்டுக்கும் மூட்டுக்கும் உள்ள கிடைமட்டத் தூரம். முன்கையை 45 டிகிரி கீழே இறக்கி, டம்பெல்லில் தூக்குநூலைத் தொங்கவிட்டு அளந்து பாருங்கள், 35 செ.மீ. 25 ஆகியிருக்கும். முன்கை கிடைமட்டமாக இருக்கும்போது டம்பெல் அதிகம் கனப்பதற்கு இதுதான் காரணம்.

முதுகு

கீழ்முதுகுத் தசைகளுக்கும் முள்ளெலும்பின் சுழலிடத்துக்கும் உள்ள தூரம் சுமார் 5 செ.மீ.தான். 10 கிலோ பெட்டியை 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால், பெட்டிக்கு மட்டுமே தசை 1000 நியூட்டன் இழுக்க வேண்டும். வயிற்றோடு அணைத்து 20 செ.மீ. ஆக்கினால் 400. பெட்டியே இல்லாமல் குனிந்தாலும் மேலுடம்பின் எடை முன்னால் தொங்குகிறது. அந்தக் கணக்கு பெரும்பாலும் பெட்டியின் கணக்கைவிடப் பெரியது.

ஆகவே பெட்டியை முதலில் உங்களை நோக்கி இழுங்கள், பாதங்களை அதன் இருபுறமும் வையுங்கள், பிறகு தூக்குங்கள். ‘முழங்காலை மடக்கித் தூக்கு’ என்ற அறிவுரையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாதீர்கள். கால்களுக்கு நடுவே வராத அகலப் பெட்டி என்றால், மடங்கிய முழங்கால்களே அதை முன்னே தள்ளிவிடும். தூரம் கூடி, முதுகுக்குச் சுமை ஏறும்.

ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடித்தல்

பலகையின் ஒரு முனைக்கடியில் மெல்லிய கட்டை, மறுமுனைக்கடியில் மெஷினும் அதன் நடுவில் இன்னொரு மெல்லிய கட்டையும் வையுங்கள். பலகை சமமட்டமாக இருக்கட்டும். இரு கட்டைகளுக்கும் இடைவெளி 190 செ.மீ. என்று கொள்வோம். பலகை மட்டும் இருக்கும்போது மெஷின் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது 60 கிலோ எடையுள்ளவர், உள்ளங்கால் முதல் கட்டைக்கு நேர்மேலே வரும்படி மல்லாந்து படுக்கட்டும். புதிய எண்ணிலிருந்து பழையதைக் கழித்தால் 28.5 கிலோ என்றால்:

28.5 × 190 ÷ 60 = ஏறக்குறைய 90 செ.மீ.

அவர் உயரம் 165 செ.மீ. என்றால் உள்ளங்காலிலிருந்து 55 விழுக்காட்டு உயரம். பொதுவாக இதை ஒட்டித்தான் வரும், பெண்களுக்குச் சற்றுக் கீழே. விடை 70, 110 என்று வந்தால் உள்ளங்கால் இடம் தவறியிருக்கும், அல்லது பலகை வளைந்து தரையைத் தொட்டிருக்கும். எண்ணைப் பார்க்கப் படுத்திருப்பவரே தலையைத் தூக்கினாலும் விடை மாறும், இன்னொருவர் படிக்கட்டும். அடுத்து இரு கைகளையும் தலைக்கு மேல் நீட்டச் சொல்லுங்கள். மையம் சுமார் 6 செ.மீ. தலைப்பக்கம் நகரும்.

இந்த மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு பாதங்கள் அடைக்கும் பரப்புக்குள் இருக்கும்வரை நீங்கள் விழமாட்டீர்கள். குதிகாலையும் பின்புறத்தையும் சுவரில் ஒட்டிக்கொண்டு, முழங்காலை மடக்காமல் கால்விரலைத் தொட முயலுங்கள். முன்னால் மெத்தை ஒன்று போட்டுவிட்டுச் செய்வது நல்லது. வழக்கமாகக் குனியும்போது இடுப்பு பின்னால் போய்ச் சமன்செய்யும். சுவர் அதைத் தடுத்துவிடுவதால் கோடு பாதங்களுக்கு முன்னால் போய்விடும், நீங்கள் முன்னே சாய்வீர்கள்.

சுழற்சி

இரு கைகளிலும் 1 கிலோ பிடித்து, கைகளை விரித்து, சுழலும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். வேறொருவர் மெதுவாகச் சுழற்றிவிட்டதும் கைகளை மார்போடு சேருங்கள். வேகம் சட்டென்று ஏறும். நிலைமத் திருப்புத்திறனில் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் அளவு) தூரம் இருமடியாக வருகிறது: எடைகள் அச்சிலிருந்து 80 செ.மீ.யிலிருந்து 20-க்கு வந்தால் அவற்றின் பங்கு 16-இல் ஒன்றாகிறது. உராய்வு குறைவாக இருந்தால் கோண உந்தம் (நிலைமத் திருப்புத்திறன் × சுழலும் வேகம்) ஏறத்தாழ மாறாது, எனவே வேகம்தான் கூட வேண்டும். வேகம் 16 மடங்கு ஆகாததைக் கண்டு குழம்ப வேண்டாம். உடம்பும் நாற்காலியும் அப்படியேதானே இருக்கின்றன. ஓடும்போது பின்னால் போகும் காலை மடக்கி முன்னே கொண்டுவருவதும் இதே கணக்குதான்.

சக்கரம் வைத்த நாற்காலி வேண்டாம், அது உருண்டு கவிழும். ஒரு கையை மட்டும் உள்ளே இழுத்தாலும் மையம் அச்சைவிட்டு விலகி நாற்காலி ஆட்டம் காணும். நிறுத்துவதற்குக் காலைத் தரையில் ஊன்றாதீர்கள். கைகளை மறுபடி விரித்தாலே வேகம் தணியும்.