டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? முதலில் கரையைப் பாருங்கள்

அக்கா மகன் போன வாரம் போன் போட்டு, "மாமா, சின்ன ஃபைபர் வள்ளம் ஒண்ணு முடிச்சிருக்கேன், பின்னால மாட்டுற அவுட்போர்டு எஞ்சின் 10 எச்.பி.யில எது எடுக்கட்டும், டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?" என்று கேட்டான். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: ராத்திரி வள்ளத்தை எங்கே போடப் போகிறாய்? சின்னமுட்டம், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மாதிரி துறைமுகத்துக்குள் கட்டிப் போடுகிறவருக்கு ஒரு பதில், அலை உடைகிற மணலில் தினமும் ஏற்றி இறக்குகிறவருக்கு வேறு பதில். மைலேஜ், சத்தம் எல்லாம் அப்புறம்.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் (எஞ்சினுக்குள் சுழலும் தண்டு) ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெடிப்பு நடக்கும், ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருக்கிற மாதிரி வால்வு, கேம் ஷாஃப்ட், ஆயில் தொட்டி எதுவும் டூ ஸ்ட்ரோக்கில் கிடையாது, அதனால் எடையும் குறைவு. 15 எச்.பி. எடுத்துக்கொண்டால் டூ ஸ்ட்ரோக் 40 கிலோவை ஒட்டி வரும், ஃபோர் ஸ்ட்ரோக் 45 முதல் 50 கிலோ வரை போகும். பத்து கிலோதானே என்று தோன்றும். ஈர மணலில் எஞ்சினைத் தோளில் வைத்து மேட்டுக்கு ஏறிப் பாருங்கள், அதுவும் தினமும்.

தூக்குவதைவிடப் பெரிய வம்பு படுக்க வைப்பதில் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கைப் பெரிதாக யோசிக்காமல் சாய்த்துப் போடலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கின் அடியில் ஆயில் நிற்கிறது, அதனால் எந்தப் பக்கம் கீழே வர வேண்டும் என்று கம்பெனி குறித்திருக்கும், அந்தப் பக்கமாக மட்டும்தான் கிடத்த வேண்டும். தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கிய எஞ்சினை நானே ஒருமுறை மாற்றிப் போட்டுவிட்டேன். ஆயில் சிலிண்டருக்குள் இறங்கி, விடியற்காலையில் ஸ்டார்ட்டர் கயிறு அசையவே இல்லை. பிளக்கைக் கழற்றி எண்ணெயை வெளியே தள்ளி முடிப்பதற்குள் மற்ற வள்ளங்களெல்லாம் கண்ணுக்கு மறைந்துவிட்டன.

அலையில் வள்ளம் கவிழ்ந்து எஞ்சின் முங்குவதும் நம் கரைகளில் நடக்கிற விஷயம்தான். டூ ஸ்ட்ரோக் முங்கினால் நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, கயிற்றை இழுத்து இழுத்து உள்ளே போன தண்ணீரை வெளியேற்றி, கார்புரேட்டரைக் காலி செய்து, அன்றைக்கே ஓட வைத்துவிடலாம். அன்றைக்கே என்பது முக்கியம், உப்புத் தண்ணீரோடு ஒரு ராத்திரி கிடந்தால் பேரிங் துருப்பிடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் இவ்வளவும் செய்து, ஆயிலையும் மாற்ற வேண்டும். ஒருமுறை மாற்றினால் போதாது, தண்ணீர் கலந்ததால் வருகிற பால் நிறம் போகும்வரை மாற்ற வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நான் டூ ஸ்ட்ரோக் கட்சி என்று முடிவு கட்ட வேண்டாம். காசு என்று வந்தால் கதை மாறுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறுகிற அதே நேரத்தில்தான் புது எரிபொருளும் உள்ளே வருகிறது, அதில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு சேர்ந்து போய்விடும், நீங்கள் விலை கொடுத்து வாங்கியதைக் கடலில் ஊற்றுகிற மாதிரி. முழு வேகத்தில் இந்த வித்தியாசம் குறைவுதான். மெதுவாக ஓடும்போதுதான் பையைக் கடிக்கும். கணவாய்க்குத் தூண்டில் இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஊர்கிறவர், மணக்குடிக் காயலில் ஆள் ஏற்றுகிறவர், இவர்களெல்லாம் யோசிக்காமல் ஃபோர் ஸ்ட்ரோக் எடுக்கலாம். காதும் மிச்சம், புகை குடிக்கவும் வேண்டாம். ஆனால் ஆடி மாதம் துறைமுக வாயில் பின்னால் அலை எழும்பி வரும்போது ஆக்சிலேட்டரைத் திருகினவுடன் துள்ளி ஓட வேண்டும் என்றால், சின்ன எஞ்சின்களில் டூ ஸ்ட்ரோக்குக்கு உள்ள சுறுசுறுப்பு தனிதான்.

மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவருக்குக் கேள்வியே இல்லை. அதற்கென்று வருகிற டூ ஸ்ட்ரோக்தான். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், கரைக்கு வருமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிவிட்டு அணைக்க வேண்டும், இல்லையென்றால் மறுநாள் ஸ்டார்ட் ஆகாது. பெட்ரோல் ஃபோர் ஸ்ட்ரோக்கில் மண்ணெண்ணெய் ஊற்றினால் எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து ஆயிலை நீர்க்க வைத்துவிடும். "ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிறவர் உங்களுக்கு எஞ்சின் வாங்கித் தரப்போவதில்லை.

பெட்ரோலிலும் இப்போது ஒரு புதுத் தலைவலி. பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அவுட்போர்டு கம்பெனிகள் பெரும்பாலும் 10 வரைக்கும்தான் சம்மதிக்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் அதோடு சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் படிந்துவிடும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுகிறோம், அந்த ஆயில் அடித் தண்ணீரில் கலக்காது, அந்தத் தண்ணீர் எஞ்சினுக்குள் போனால் ஆயில் இல்லாமல் ஓடிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே எந்த எஞ்சினாக இருந்தாலும் தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் ஒன்று மாட்டுங்கள், பெட்ரோலை வாரக்கணக்கில் டேங்கில் வைக்காதீர்கள்.

டூ ஸ்ட்ரோக் எடுத்தால் ஆயில் கலவையில் கை தவறக்கூடாது. பெரும்பாலானவற்றில் பெட்ரோல் 50-க்கு ஆயில் 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி, 25 லிட்டர் டேங்குக்கு அரை லிட்டர். மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு அளவு வேறு, கூட வருகிற புத்தகத்தைப் பாருங்கள். பைக்குக்கு விற்கிற 2டி ஆயில் வேண்டாம், அவுட்போர்டு ஆயிலுக்கான தரக் குறியான டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்குக்குக் கலவை இல்லை, பதிலுக்கு முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஆயில் மாற்ற வேண்டும். தினம் ஐந்து மணி நேரம் ஓட்டினால் அது மாதம் ஒரு தடவைக்கு மேலேயே வரும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவுவது இரண்டுக்கும் பொது. மணலில் ஏற்றுகிற வள்ளத்தில் தண்ணீர் பம்பின் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர் சக்கரம்) சீக்கிரம் தேயும், ஒன்று வாங்கிக் கையில் வையுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு வேலை. மீன்வளத் துறை அலுவலகத்தில் மானியம் எந்த மாடலுக்குக் கிடைக்கும், என்ன காகிதம் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் அந்த எஞ்சினைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். டூ ஸ்ட்ரோக்குக்குத் தெருவுக்கு ஒருவர் உண்டு, எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வைத்த ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அப்படி இல்லை.

கடைக்குப் போகும் முன் அமரத்துப் பலகையின், அதாவது எஞ்சினை மாட்டுகிற பின்பலகையின், உயரத்தை அளந்துவிடுங்கள். 15 அங்குலத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட் ஷாஃப்ட் (கால் குட்டையான எஞ்சின்), 20-ஐ ஒட்டி இருந்தால் லாங் ஷாஃப்ட் (கால் நீளமானது). மருமகன் அளக்காமலே ஷார்ட்டுக்குச் சொல்லி வைத்திருந்தான், அளந்தால் 20.